களவு போகும் குரல்கள்

களவுகளில் இருவகை உண்டு. பணமும் பொன்னும் களவு போனால் இழந்தவர் வருந்துவார். இறைவன் நாடினால் உழைத்து மீண்டும் ஈட்டிக் கொள்வார். பணத்துக்குப் பணம் ஈடாகும். பொன்னுக்குப் பொன் ஈடாகும். மற்றொரு வகைக் களவு இருக்கிறது. அதில் போன பொருளுக்கு ஈடாக வைக்க உலகில் வேறொன்று இராது. பழஞ்சுவடி, பழஞ்சிலை, பழைய ஒலிப்பெட்டி, பழைய இசைத்தட்டு ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

சுவடிக் களவையும் சிலைக் களவையும் பற்றி நம்மவர் நிறையவே எழுதியிருக்கின்றனர். ஒலிப்பெட்டிக் களவைப் பற்றி எழுதுவோர் அரியர். போனோகிராப், கிராமபோன் என்னும் பேசும் பெட்டிகளைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரின் வீட்டுப் பூட்டு உடைக்கப்பட்டால், "பழைய சாமான்கள் திருட்டு" என்று அது ஒரு சிறு செய்தியாக முடிந்து போகிறது. உண்மையில் போனவை யாவை? அவற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? போனதைத் திரும்பப் பெற வழி உண்டா? சரித்திரத்தின் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே நமது நோக்கம். இந்தத் தேடலுக்குப் புதுச்சேரி நகரம் பொருத்தமான இடமாக அமைகிறது. பேசும் பெட்டியின் பிறப்பிலே பிரெஞ்சுக்காரருக்கும் பங்குண்டு. களவு போன பழம்பொருளை மீட்பதற்கான வழியைக் காட்டியதிலே புதுச்சேரிக்கும் பங்குண்டு.

ஓசையை வரைந்தவர்

பேசும் பெட்டியைக் கண்டவர் அமெரிக்க நாட்டு எடிசன் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவருக்கும் இருபது ஆண்டுகள் முன்னதாக, 1857ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரத்தில் எதுவார் லெயோன் ஸ்கோத் த மார்த்தன்வீல் என்பவர் ஒரு கருவியை அமைத்திருந்தார். அச்சுத் தொழிலோடு தொடர்புடையவர் அவர். குழலின் வழியே புகும் ஓசை ஒரு மெல்லிய தோலை அதிரச் செய்யும். அந்த அதிர்வு ஒரு நுண்ணிய மயிரை அசைக்கும். அந்த மயிர், புகைக்கரி பூசிய காகிதத்தின் மேல் கோடு இழுக்கும். ஓசையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதைத் திரும்பக் காதால் கேட்கலாம் என்று அவர் எண்ணவில்லை.

1860ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சு நாட்டுப்புறப் பாட்டு ஒன்றின் சில விநாடிகள் இவ்வாறு காகிதத்தில் கோடுகளாகப் பதிந்தன. 148 ஆண்டுகள் அந்தக் காகிதம் வாய் திறக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணிப்பொறியின் உதவியால் அக்கோடுகளை மீண்டும் ஓசையாக்கினர். மனிதக் குரலின் மிகப் பழைய பதிவு என்று உலகம் அதனைக் கொண்டாடியது. அந்தக் காகிதத்தை எவரேனும் குப்பையென்று கருதி எரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாரிஸிலிருந்த காப்பகங்கள் அதனைப் பத்திரமாக வைத்திருந்ததால் அல்லவா அது பேசிற்று! ஒரு பொருளின் பயன் இன்று விளங்காமலிருக்கலாம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து விளங்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

1877ஆம் ஆண்டு ஏப்ரலில், சார்ல் க்ரோ என்ற பிரெஞ்சுக் கவிஞர், பதிந்த ஓசையைத் திரும்பக் கேட்கும் முறையை விவரித்து எழுதி, முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியற் கழகத்தில் ஒப்படைத்தார். கருவியைச் செய்து பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், வெள்ளீயத் தகடு சுற்றிய உருளை ஒன்றின் மேல் தமது குரலைப் பதித்து, அதனைத் திரும்பவும் ஒலிக்கச் செய்து காட்டினார் எடிசன். அதுவே போனோகிராப். அதன்பின் தகடு போய் மெழுகு உருளை வந்தது. 1887ஆம் ஆண்டில் எமீல் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டைக் கொண்டுவந்து, தமது கருவிக்கு கிராமபோன் என்று பெயரிட்டார். உருளையில் பாடுவது போனோகிராப், தட்டில் பாடுவது கிராமபோன் என்று வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உருளையைவிடத் தட்டு வென்றதற்குக் காரணம் எளியது. தட்டை ஓர் அச்சிலிருந்து ஆயிரமாயிரமாக அழுத்தி எடுக்கலாம். தொடக்க கால மெழுகு உருளையை அவ்வாறு பெருக்குவது கடினம். பல உருளைகள் உலகில் ஒன்றே ஒன்றாக நின்றுவிட்டன. ஆதலால், ஒரு சேகரிப்பாளரிடமிருந்து மெழுகு உருளைகள் களவு போகும்போது, அவற்றுள் சிலவற்றோடு ஒரு மனிதரின் குரலே இவ்வுலகை விட்டுப் போய்விடக் கூடும்.

நம் மண்ணின் அரக்கு

பழைய இசைத்தட்டைக் கையில் எடுத்தவர் அதன் கனத்தை அறிவர். கை தவறவிட்டவர் அது நொறுங்கும் விதத்தையும் அறிவர். அந்தத் தட்டு எதனால் ஆனது? கல்மாவோடும் கரித்தூளோடும் அரக்கைச் சேர்த்துக் குழைத்து அழுத்தியது. அந்த அரக்குக்கு உலகம் பெரிதும் நம்பியிருந்தது இந்தியாவைத்தான். சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் சிறு பூச்சிகள் கூடுகட்டிச் சுரக்கும் பொருளே அரக்கு. அதனைப் பழங்குடி மக்கள் சேகரித்தனர். அது கல்கத்தா வழியே கப்பலேறி மேல்நாடு சென்று, தட்டாகி, நம் நாட்டுப் பாட்டையே சுமந்துகொண்டு நம்மிடம் திரும்பி வந்தது.

1902ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். அவர்களுள் புகழ் ஓங்கியவர் கௌஹர் ஜான். ஆர்மீனிய வழியில் பிறந்து, இளமையிலேயே தாயாருடன் இஸ்லாத்தைத் தழுவியவர் அவர். மூன்று நிமிட அளவுக்குள் ஓர் இராகத்தின் சாரத்தைப் பிழிந்து தரும் வித்தை அவருக்குக் கைவந்தது. பாட்டு முடிந்ததும் தமது பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் அச்சாவது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்குள்ளோர் எது யாருடைய தட்டு என்று அறிய வேண்டுமல்லவா? பல மொழிகளில் ஏறத்தாழ 600 தட்டுகளுக்குப் பாடிய அந்தக் கலைஞர், 1930ஆம் ஆண்டு சனவரியில் நம் தென்னகத்து மைசூரிலே காலமானார்.

1908ஆம் ஆண்டில் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை அமைந்தது. அதே காலத்தில் வங்காளத்தைச் சேர்ந்த ஹேமேந்திர மோகன் போஸ் என்ற வணிகர், சுதேசி உணர்வோடு சொந்தமாகக் குரல்களைப் பதிவு செய்தார். தாகூரின் குரலும் அவரது மெழுகு உருளையில் பதிந்தது. அவருக்குத் தட்டு அச்சிட்டுக் கொடுத்தது பிரெஞ்சு நாட்டின் பாத்தே கம்பெனி. சேவலைச் சின்னமாகக் கொண்ட அந்தக் கம்பெனியின் பழைய தட்டுகளில் ஒரு புதுமை உண்டு. மற்றத் தட்டுகளில் ஊசி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செல்லும். பாத்தே தட்டில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வரும். போஸின் மெழுகு உருளைகளில் பெரும்பாலானவை பின்னாளில் அழிந்து போயின.

நம் தமிழ்ப் பாட்டும் இந்தத் தட்டுகளின் வழியே கடல் கடந்தது. கோயம்புத்தூர் தாயி என்ற பாடகியின் இசைத்தட்டுகளைக் கேட்டு மயங்கியவர் மொரீஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். 1912ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் வந்து சென்ற அவர், தாயியின் தட்டையே மூலமாகக் கொண்டு "இராகமாலிகா" என்னும் பியானோ இசையை அமைத்தார். அரக்குத் தட்டு ஒன்று செய்த வேலையைப் பாருங்கள்! தமிழகத்துப் பாடகியின் கற்பனை பாரிஸின் பியானோவில் ஏறியது.

மற்றொன்றையும் இங்கே நினைக்க வேண்டும். மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்தார். தாம் இயற்றிய பாட்டைத் தாமே உரக்கப் பாடி மகிழ்ந்தவர் அவர். நாடெங்கும் கிராமபோன் பாடிக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் அவர் குரலைச் சுமந்த தட்டு ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. பதிவாகாத குரலுக்காக நாம் ஏங்குகிறோம். பதிவான குரலையோ பழைய சாமான் கடையில் போடுகிறோம்!

மார்க்க அறிஞரின் மேசையில்

பேசும் பெட்டி முஸ்லிம் உலகில் நுழைந்தபோது எழுந்த விவாதங்களும் சரித்திரத்தில் பதிவாகியுள்ளன. நம் முன்னோர் வணிகத் தொடர்பு கொண்டிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில், படேவியா நகரத்தில், திருமறை வசனங்கள் ஓதப்பட்ட உருளைகளைப் போனோகிராப்பில் போட்டுக் காட்டும் வழக்கம் தொடங்கிற்று. இது ஆகுமா, ஆகாதா? பெட்டியிலிருந்து வரும் ஓதலைக் கேட்பது, காரி ஒருவர் நேரில் ஓதக் கேட்பதற்கு ஒப்பாகுமா? வேடிக்கைக் கூட்டத்தின் நடுவே இறைவாக்கை ஒலிக்கச் செய்வது அதன் கண்ணியத்துக்கு ஏற்றதா? 1899ஆம் ஆண்டில் அந்நகரின் அறிஞர் செய்யிது உதுமான் இது குறித்து மார்க்கத் தீர்ப்பு எழுதினார். டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே மறு ஆண்டே இதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். எகிப்தின் பேரறிஞர் முஹம்மது பகீத் 1906ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதினார்.

அந்த விவாதங்களின் ஆழத்தை இங்கே அளக்க நாம் முற்படவில்லை. அவர்கள் பெட்டியை ஒரு விளையாட்டுச் சாமானாகக் கருதிப் புறக்கணித்துவிடவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. பதிவான ஓசைக்கு ஒரு கண்ணியம் உண்டு, அதைக் கையாள்வோருக்கு ஒரு பொறுப்பு உண்டு என்னும் எண்ணம் அவ்விவாதங்களின் அடியில் ஓடுகிறது. அரை நூற்றாண்டு கழித்து, எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல் ஹுஸரீ அவர்களின் குரலில் திருமறை முழுவதும் பதிவு செய்யப்பட்டு, 1961ஆம் ஆண்டில் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. முழுக் குர்ஆனின் முதற் பதிவு அதுவே.

நம் தமிழ் முஸ்லிம் வீடுகளிலோ, திருமண வீட்டுப் பந்தலிலும் கந்தூரி விழாக்களிலும் ஒலிபெருக்கியின் கீழே சுழன்ற தட்டுகள் ஒரு தலைமுறையின் செவியை வளர்த்தன. இசைமுரசு நாகூர் ஹனீஃபா அவர்களின் வெண்கலக் குரலைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் காணாத பிள்ளை அந்நாளில் உண்டா? 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவரது குரல் இன்று கைப்பேசியில் கிடைக்கிறது. ஆனால் அவர் காலத்தில் பாடிய எத்தனையோ பேர், ஊர் அளவில் புகழ்பெற்று, ஓரிரு தட்டுகளோடு நின்றவர்கள். அவர்களின் குரல் எவர் வீட்டுப் பரணில் உறங்குகிறதோ! புதுச்சேரியின் முல்லா வீதியிலும் காஜி வீதியிலும், காரைக்காலிலும் நாகூரிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய வீடுகளின் மரப்பெட்டிகளை நாம் திறந்து பார்த்திருக்கிறோமா?

சேகரிப்பாளரும் கள்வனும்

நாம் பரணிலிருந்து இறக்கி எறிந்ததை ஒருவர் பொறுக்கி எடுத்துச் சேர்க்கிறார். அவரை அக்கம்பக்கத்தார் பித்தர் என்பர். அத்தகைய பித்தர்களே இசைச் சரித்திரத்தைக் காத்தவர்கள். சென்னையின் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் தனி ஒருவராகச் சேர்த்து வைத்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா தமது வாழ்நாளெல்லாம் தமிழில் அச்சான நூல்களையும் சிறு வெளியீடுகளையும் திரட்டினார். அவர் மறைந்தபின், 1994ஆம் ஆண்டில், அத்திரட்டின் மேல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இசைத்தட்டுச் சேகரிப்போர் 1990ஆம் ஆண்டில் பம்பாயில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசநால் என்ற சிற்றூரில், வனத்துறைக் கழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், தம் வீட்டையே கிராமபோன் அருங்காட்சியகமாக்கி 2015ஆம் ஆண்டில் திறந்தார்.

அரசின் அருங்காட்சியகத்துக்குக் காவலர் உண்டு, கணக்கேடு உண்டு, தணிக்கை உண்டு. தனி ஒருவரின் சேகரிப்புக்கு என்ன உண்டு? அவருடைய வீட்டுக் கதவும், அவருடைய நினைவாற்றலும் மட்டுமே. எந்த ஊரில் எவரிடம் எதை வாங்கினோம் என்பதெல்லாம் அவர் மனத்திலே இருக்கும், ஏட்டில் இராது. கள்வனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பித்தளைக் குழலைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம். பெட்டியைத் தனியாக, ஸ்பிரிங் இயந்திரத்தைத் தனியாக, ஊசி பொருத்தும் ஒலிமூக்கைத் தனியாக விற்கலாம். இவ்வாறு பிரிந்துபோன பொருளை உடையவரே எதிரில் கண்டாலும் தமதென்று நிறுவுவது அரிது. பம்பாயின் சோர் பஜார் பழைய கிராமபோன்களுக்குப் பேர்போன கடைத்தெரு. அங்கே விற்பதெல்லாம் களவுப் பொருளென்று நாம் சொல்ல வரவில்லை. "ஷோர்" என்னும் இரைச்சலே "சோர்" எனத் திரிந்தது என்பாரும் உண்டு. ஆயினும், கைமாறிக் கைமாறி வரும் பழம்பொருளின் பிறப்பிடத்தை வாங்குவோர் கேட்பதில்லை என்பது உண்மை. கேட்காத வாங்குவோரே கள்வனின் முதலாளிகள்.

சட்டம் இதனை மறந்துவிடவில்லை. களவுப் பொருள் என்று அறிந்தும், அல்லது அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும், நேர்மையின்றி அதனைப் பெறுவது குற்றம். முன்னர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு இதைச் சொல்லிற்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு இப்போது அதையே சொல்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. நூறாண்டு கடந்த கலைப்பொருட்களுக்கெனத் தனியே 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டமும் இருக்கிறது. அது 1976 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அச்சட்டத்தின்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. ஆனால் அரசிடம் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று அறிவிக்கப்பட்டவை சிலைகள், ஓவியங்கள், சுவடிகள் போன்றவையே. பேசும் பெட்டிக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. எனவே அதன் உடையவர்தாம் தமக்கெனப் பதிவேடு ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

அமானிதத்தில் செய்த மோசடி

பூட்டை உடைத்து வரும் கள்வன் ஒருவகை. சாவியைக் கையில் வைத்திருக்கும் கள்வன் மற்றொரு வகை. இவனே கொடியவன். ஒலிச் சரித்திரத்தில் இத்தகைய வழக்கு ஒன்று அமெரிக்காவிலே நடந்தது.

ஜே. டேவிட் கோல்டின் என்பவர் அந்நாட்டின் பழைய வானொலிப் பதிவுகளைச் சேகரித்தவர். தமது சேகரிப்பின் ஒரு பகுதியை, நாட்டுக்குப் பயன்படட்டும் என்று, அரசின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடையாகக் கொடுத்திருந்தார். ஆண்டுகள் பல சென்றன. 2010ஆம் ஆண்டில் இணைய ஏலச் சந்தையொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டார். பேஸ்பால் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் 1937ஆம் ஆண்டு வானொலிப் பேட்டி அங்கே விலைக்கு வைக்கப்பட்டிருந்தது. அது அவர் காப்பகத்துக்குக் கொடுத்த அதே தட்டு! தாம் கொடுத்த பொருளை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆதலால் ஐயமின்றி அடையாளம் கண்டார். உடனே காப்பகத்துக்கு அறிவித்தார்.

விற்றவர் யார் என்று துருவியபோது, அக்காப்பகத்தின் ஒலி, திரைப்படப் பிரிவுக்கே தலைவராயிருந்து, ஏறத்தாழ நாற்பதாண்டுப் பணிக்குப்பின் அவ்வாண்டுதான் ஓய்வு பெற்ற அதிகாரி என்று தெரிந்தது. அவர் வீட்டைச் சோதித்தபோது ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகள் வெளிவந்தன. 2011 அக்டோபரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2012 மே மாதத்தில் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

அமானிதம் என்னும் சொல்லை நம் வீடுகளில் பிள்ளைகளும் அறிவர். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பேணித் திருப்பிக் கொடுப்பது இறைநம்பிக்கையின் அடையாளம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கொடை கொடுத்தவர் ஒருவர். பேணும் பொறுப்பேற்றவர் ஒருவர். பயன்பெற வேண்டியவர்களோ பிறக்காத தலைமுறையினர். அந்த அதிகாரி விற்ற ஒவ்வொரு தட்டும் இந்த மூவருக்கும் இழைத்த துரோகம். இங்கே இன்னொரு படிப்பினையும் உண்டு. காவலரோ கணக்காளரோ கண்டுபிடிக்காத களவை, கொடுத்தவரின் நினைவும் குறிப்பும் கண்டுபிடித்தன. தன் பொருளைத் தெளிவாக அறிந்து வைத்திருப்பவனே அதற்கு முதற் காவலன்.

புதுச்சேரி காட்டிய வழி

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். எழுதி வைக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதியதன்று. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இருந்ததால்தான் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி நம் கண்முன் நிற்கிறது. கப்பலில் வந்த சரக்கு முதல் கவர்னர் வீட்டுப் பேச்சு வரை அவர் எழுதி வைத்தார். அந்நாட்குறிப்பும் ஒரு நூற்றாண்டுக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1846ஆம் ஆண்டில் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

அதே மரபில், பிரெஞ்சு ஆட்சி இவ்வூரை விட்டு நீங்கிய மறு ஆண்டில், 1955இல், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிற்று. அந்நிறுவனத்தார் தென்னாட்டுக் கோயில்கள்தோறும் சென்று, அங்குள்ள சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் புகைப்படமெடுத்தனர். படமெடுத்து, ஊரும் நாளும் குறித்து, அடுக்கி வைத்தனர். இன்று அத்தொகுதியில் ஏறத்தாழ 1,60,000 படங்கள் உள்ளன. எடுத்தபோது அவை கலை ஆராய்ச்சிக்காகவே எடுக்கப்பட்டன. கள்வரைப் பிடிக்க உதவும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருவுருவம் 2006ஆம் ஆண்டில் களவு போயிற்று. 2008ஆம் ஆண்டில் அதனை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து விலைக்கு வாங்கிற்று. பல்லாண்டுகளுக்கு முன்பே வேறு நாட்டுக்குப் போய்விட்ட பொருள் என்று காட்டும் போலிக் காகிதங்களும் உடன் சென்றன. ஆனால் அச்சிலை கோயிலுக்குள்ளேயே இருந்ததைக் காட்டும் படம் புதுச்சேரியில் இருந்தது! படத்தையும் சிலையையும் ஒப்பிட்டனர். வார்ப்பில் விழும் சிறு குறைகளும் தேய்மானமும் மனிதரின் கைரேகை போன்றவை; ஒன்றுக்கு உள்ளது மற்றொன்றுக்கு இராது. காகிதம் பொய்யென்று வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அச்சிலையைத் தம் கையாலேயே இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். அதை விற்ற வணிகர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு இந்தியா கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் மற்றொரு கோயிற்களவு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அதே 2022இல் புதுச்சேரியிலேயே ஓரிடத்தில் பழஞ்சிலைகள் மூன்றைத் தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புக் காவலர் கைப்பற்றியதையும் வாசகர்கள் படித்திருப்பர்.

கோயிற் சிலை வேறு, கிராமபோன் பெட்டி வேறு என்று கருத வேண்டா. மீட்கும் வழி ஒன்றே. பொருள் இருந்த இடத்தில் இருக்கும்போதே எடுத்த படமும் எழுதிய குறிப்பும் இருந்தால், அது கடல் கடந்தாலும் திரும்பி வரும். அவை இல்லையேல், அடுத்த தெருவில் இருந்தாலும் திரும்பாது.

போலிகளின் தொல்லை

பேசும் பெட்டி விஷயத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. பளபளக்கும் பித்தளைக் குழலும் எண்கோணப் பெட்டியும் கொண்டு, நாய் அமர்ந்து கேட்கும் சின்னம் ஒட்டிய புதிய பெட்டிகள் வட இந்தியாவில் ஏராளமாகச் செய்யப்பட்டுப் பழம்பொருளெனச் சுற்றுலாப் பயணிகளிடம் விற்கப்படுகின்றன. பெரும்பாலும் கையில் தூக்கிச் செல்லும் சிறு பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய இயந்திரமே அதனுள் இருக்கும். அந்த நாயின் சின்னத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஓவியர் பிரான்சிஸ் பராட் முதலில் தீட்டியபோது நாயின் எதிரே இருந்தது உருளைப் போனோகிராப். 1899ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனி அவ்வோவியத்தை வாங்கியபோது, அதன் மேலேயே தட்டுக் கிராமபோனை மாற்றித் தீட்டினர்.

போலிகள் பெருகியதால் வரும் கேடு இரண்டு. உண்மைப் பொருளை இழந்தவர் முறையிடும்போது, "கடைகளில் இது போல் எத்தனையோ கிடைக்கிறதே" என்று பிறர் அலட்சியமாகக் கருத இடமுண்டாகிறது. மறுபுறம், களவாடிய உண்மைப் பொருள் போலிகளின் கூட்டத்திலே எளிதில் மறைந்து கொள்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பொருளின் தனி அடையாளத்தை எழுத்திலே வைத்திருப்பது.

நாம் செய்யத் தக்கவை

அருமை வாசகர்களே! உலக அளவில் 1997ஆம் ஆண்டு முதல் பழம்பொருட் குறிப்புக்கு ஓர் எளிய முறை வகுக்கப்பட்டுள்ளது. பொருள் எது, எதனால் ஆனது, அளவு என்ன, அதன் மேல் உள்ள எழுத்தும் எண்ணும் எவை, தனி அடையாளமான கீறல் அல்லது பழுது எங்கே உள்ளது, எவர் செய்தது, எப்போது செய்தது என்ற வினாக்களுக்கு விடை எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; அவ்வளவே. எடிசன் போனோகிராப்புகளில் சிறு உலோகத் தகட்டில் வரிசை எண் பொறித்திருக்கும். இசைத்தட்டில் காகித முகப்பில் ஓர் எண்ணும், அதனையடுத்த வழவழப்பான பகுதியில் அச்சின் எண்ணும் காணப்படும். இவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டின் படியைப் பெட்டி இருக்கும் வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் வைப்பது நலம். களவு நேர்ந்தால் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்தில் அக்குறிப்போடு எழுத்து மூலம் புகார் தந்து, பழம்பொருள் வணிகருக்கும் மற்றச் சேகரிப்போருக்கும் அறிவிக்க வேண்டும். சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போல் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கைப்பேசிச் செயலியால், ஒரு கலைப்பொருள் களவுப் பட்டியலில் உள்ளதா என்று எவரும் பார்க்கலாம்.

வாங்குவோருக்கும் ஒரு சொல். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். விடை வராவிடில் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஹலால் உணவைத் தேடிக் கேட்டு வாங்கும் நாம், வீட்டுக்கு அழகு சேர்க்கும் பொருளின் வழியையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?

பெட்டியைக் காப்பதோடு குரலையும் காக்க வேண்டும். தட்டு ஒன்றிருந்தால், அதனை அறிந்தவரிடம் தந்து கணிப்பொறியில் படியெடுத்துக் கொள்ளலாம். அதன்பின் கள்வன் தட்டைக் கொண்டுபோனாலும் குரல் நம்மிடம் நிற்கும். பழைய தட்டின் மேல் புது ஊசி போடாமல் ஓட்டுவதும், வெயிலில் வைப்பதும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்குவதும் கூடாது. நிறுத்தி வைப்பதே முறை.

வரும் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டனார் வீட்டுப் பரணைத் திறந்து பாருங்கள். தூசி படிந்த தட்டுகளில் பாடியவர் பெயரையும் எண்ணையும் பிள்ளைகளே படித்து எழுதட்டும். ஊருக்கு ஒருவர் அந்தப் பட்டியல்களைத் திரட்டினால் போதும். தமிழ் முஸ்லிம்களின் இசைச் சரித்திரத்துக்கு இதுவரை எழுதப்படாத முதல் அத்தியாயம் எழுந்துவிடும். கள்வன் வருமுன் நாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு நோட்டும், ஓர் எழுதுகோலும், ஒரு நாள் ஓய்வும் மட்டுமே.